பதினோராம் பக்கத்துப் பேய்

ஆல்டர் க்ரீக் நூலகத்துப் படப்புத்தகம் ஒன்றின் பதினோராம் பக்கத்தில் குடியிருந்த குட்டிப் பேய், அக்டோபர் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை மதியம், புத்தகத்தை விட்டு வெளியேறியது. அன்று லேசான காற்று. சோள அறுவடை பாதி முடிந்திருந்தது. புத்தகத்தின் பெயர் ‘கதவுக்குப் பின்னால் யாரு?’. பக்கத்துக்குப் பக்கம் அட்டையில் வெட்டிய ஒரு கதவு இருக்கும். விரலால் திறந்தால் பூனை, வௌவால், சூனியக்காரியின் ஓட்டைக் காலுறை என்று ஏதாவது வரும். பதினோராம் கதவுக்குப் பின்னால் பேய். பெருவிரல் உயரம், வெள்ளைப் போர்வை, மையால் வைத்த இரண்டு கண்கள், பயமுறுத்தத் தூக்கிய கைகள். பிள்ளைகள் வீலென்று கத்துவார்கள், உடனே சிரிப்பார்கள், மூடிவிட்டு மறுபடி திறப்பார்கள். அந்தக் கதவை மட்டும் நூலகர் திருமதி ஹவ்லிச்செக் நான்கு தடவை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். பிறகு பொத்தானை அமுக்கினால் ஊளையிடும் புத்தகங்கள் வந்தன. ஒன்பது வருடமாகப் பதினோராம் கதவை யாரும் திறக்கவில்லை. அன்று தூசி தட்டும்போது அவர் திறந்து பார்த்தார், வெறும் மஞ்சள் தாள் இருந்தது. பதிவேட்டில் ‘பேய் வெளியே போயிருக்கிறது’ என்று எழுதிவிட்டு சாப்பிடப் போனார்.

பேய்க்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: கதவுக்குப் பின்னால் நின்று, யாராவது திறக்கக் காத்திருப்பது. மறுநாள் தபால் நிலையத்துப் பெட்டியில் இருந்தது. வெள்ளிக்கிழமை தேவாலயத்துப் பாட்டுப்புத்தக அலமாரியில். ஞாயிறன்று ட்வெய்னின் கடையில் முட்டை வைக்கும் குளிர்பெட்டியில். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், தொல்லையே அதுதான். திறந்தவர்கள் எல்லோரும் “அடடா, நீயா கண்ணு? ஹாலோவீன் வாழ்த்துகள்!” என்று சொல்லி, குளிர் அடிக்காமல் மெதுவாகக் கதவை மூடினார்கள். ஒருத்தர் பக்கத்தில் மிட்டாய்கூட வைத்தார். ஒவ்வொரு வாழ்த்துக்கும் பேய் கொஞ்சம் மங்கியது. இருபத்தெட்டாம் தேதி அதன் வயிற்றின் வழியாக முட்டைப் பெட்டியின் எழுத்தைப் படிக்க முடிந்தது.

இதற்காக ஊர்க்கூட்டம் போட்டார்கள். தீயணைப்புப் படைத் தலைவர் மேசைமேல் வைத்த முட்டைப் பெட்டியைத் திறந்து, பேயைப் பார்த்து ஒரு பெரிய அலறல் அலறிக் காட்டினார். ஜன்னல் அதிர்ந்தது. பேய் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் மங்கியது. பொய் அலறல் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒருத்தராவது நிஜமா பயப்படுங்கய்யா!” என்றார் திருமதி ஹவ்லிச்செக்.

“எப்படி மேடம்? என் பொண்டாட்டி லிப்ஸ்டிக் இதைவிடப் பெருசு,” என்றார் ட்வெய்ன். “அதைப் பாத்தாலாவது விலை ஞாபகம் வந்து வயித்தைக் கலக்கும்.”

பின்வரிசையில் இருந்து என் வகுப்புக் கோல்ட்டன் சொன்னான்: “டெஸ்ஸா இருக்காளே! அவ நிழல் குறுக்க வந்தாலே ஸாரி சொல்லி ஒதுங்குவா.”

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது.

பொய் சொல்லவில்லை அவன். எனக்குப் பதினைந்து வயது. சோளக்காட்டுப் பொம்மை, பள்ளி வெந்நீர்க் குழாய் முனகும் சத்தம், வாசல் மணி, எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். ஹாலோவீன் மாலையில் வாசல் விளக்கு எரிந்தால் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வருவார்கள். அணைத்திருந்தால் யாரும் தட்டமாட்டார்கள். ஆறு வருடமாக நான் விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கு இறைச்சி ஆலையில் மாலை ஷிப்ட், வர நேரமாகும். எங்கள் ஊரில் அணைத்த விளக்குக்கு எவ்வளவு மரியாதை என்றால், மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும்கூட எங்கள் வீட்டை யாரும் தட்டுவதில்லை.

முப்பதாம் தேதியிலிருந்து பேயை எங்கும் காணவில்லை. மறுநாள் ஹாலோவீனோடு அது அழிந்துவிடும் என்று திருமதி ஹவ்லிச்செக் சொன்னார். கணக்கு எப்படி என்று யாரும் கேட்கவில்லை, அவர் நூலகர். ஹாலோவீன் அன்று என்னைக் கூட்டிக்கொண்டு கதவு கதவாகப் போனார். நாற்பத்திரண்டு கதவுகள் திறந்தேன், ஒவ்வொன்றையும் கண்ணை மூடி மூன்று வரை எண்ணிவிட்டு. பள்ளி லாக்கர், பல் டாக்டர் வீட்டு ஓவன், சவ அடக்கக்காரரின் வண்டி. எதிலும் இல்லை. “வீட்டுக்குப் போம்மா,” என்றார் கடைசியில். “உன் முகமே பேய் மாதிரி ஆயிருச்சு.”

வீட்டுக்கு வந்தேன், வழக்கம்போல விளக்கை அணைத்தேன். பிறகுதான் தோன்றியது. அது ஹாலோவீன் புத்தகத்துப் பேய். ஊர் வழக்கம் அதற்குத் தெரியாமலா இருக்கும்? இருட்டு வீட்டுக்கு அது எப்படி வரும்? விளக்கைப் போட்டேன். தெருவே ஒரு நிமிடம் நின்று பார்த்தது. பிறகு வந்தார்கள். எலும்புக்கூடுகள், ராணிகள், வாலில்லாத ஒரு டைனோசர். மிட்டாய் வாங்கி வைக்கவில்லை. உப்பு பிஸ்கட்டும் அம்மாவின் இருமல் மாத்திரையும் கொடுத்தேன். “என்னக்கா, வியாதிக்கு மருந்தா?” என்றது டைனோசர். ஒவ்வொரு தட்டலுக்கும் துள்ளி விழுந்து, பிறகு கதவைத் திறந்தேன். எட்டு மணிக்கு ஊர்ச் சங்கு ஊதியது. பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்.

காலிக் கிண்ணத்தை வைக்க அடுக்களை அலமாரியைத் திறந்தேன். கோப்பைகளுக்கு நடுவில் அது நின்றது. உடம்பே இல்லை, இரண்டு மைப்புள்ளிகள், கைகள் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் மூடுபனி. நான் கத்தவில்லை. நாள் முழுக்கப் பயந்து பயந்து, என்னிடம் பயம் தீர்ந்திருந்தது. “ஓ, நீயா?” என்றுதான் வாயில் வந்தது, ஊர்க்காரர்களைப் போலவே. ஒரு புள்ளி மங்கியது.

பதறிப்போய்க் கதவை மூடினேன். சங்கு நின்றிருந்தது. தெருவில் காலடி இல்லை. குளிர்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அப்போது வந்தது, நாற்பத்திரண்டு கதவுகளிலும் வராத பயம். திறந்தால் வெறும் கோப்பைகள் இருந்துவிட்டால்? பின்னால் யாருமே இல்லையென்றால்? அதுவரை நான் பேய் இருக்குமோ என்றே பயந்திருக்கிறேன். இல்லாமல் போகுமோ என்று பயந்ததே இல்லை. ஒரு விரலால், சின்னப் பிள்ளை அட்டையைத் திறப்பதுபோல, திறந்தேன்.

இருந்தது. நான் போட்ட சத்தம் ட்வெய்னின் கடைவரை கேட்டதாம். பேய் பால் ஊற்றியதுபோல வெளுப்பு கூடி, கைகளை இன்னும் உயரத் தூக்கியது. மூடினேன், திறந்தேன், கத்தினேன், சிரித்தேன். மூடினேன்.

பதினோராம் பக்கம் காலியாகவே இருக்கிறது. நூலகம் புத்தகத்தைக் கழித்துக்கட்டிவிட்டது. அம்மா வேலைக்குப் போகுமுன் காபிக் கோப்பை எடுக்கும்போது “கொஞ்சம் தள்ளுப்பா” என்கிறார், அதற்கெல்லாம் அது இப்போது மங்குவதில்லை. நான் பள்ளிக்குப் போகுமுன் ஒரு தடவையும் வந்தபின் ஒரு தடவையும் திறக்கிறேன், இரண்டு தடவையும் கத்துகிறேன். முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். இப்போது டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறார்.