முதல் வீட்டுப் பலகை

தையல்காரம்மா கதவைத் திறந்ததும் திக்கென்றது. கேள்வி முறையே இல்லாமல் அவள் வாசலில் ஒரு நீலப் பலகையை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஊர் உண்டாகி நூறு வருஷமாம். அதற்காக வரலாற்றுக் குழு ஒன்று கிளம்பி, பழைய இடங்களிலெல்லாம் பலகை வைத்துக்கொண்டிருந்தது.

‘முள்காடாக இருந்த இவ்வூரில் முதல் கிணறு வெட்டிக் குடியேறிய குடும்பத்தவர் இங்கே வாழ்ந்தார்கள்.’

வாழ்ந்தார்களா! அப்படியென்றால் உள்ளே தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பது யார், பேயா? கிணறு வெட்டிய மனுஷனின் பேரனைக் கட்டிக்கொண்டு வந்தவளாயிற்றே அவள்!

விறுவிறுவென்று மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர்தான் குழுத் தலைவர்.

“ஏங்க, நாங்க குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கோம். அதுக்குள்ள எங்க கதைய முடிச்சுட்டீங்களா?”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்கங்கம்மா. கதவு எப்பவும் சாத்தியே கிடக்குதா, யாரும் இல்லன்னு நினைச்சுட்டோம்.”

பலகையைவிட இந்தப் பதில்தான் அவளுக்கு வலித்தது. ரெடிமேட் வந்த பிறகு அவள் படியேற ஆளேது, கதவைத் திறந்துவைக்க?

“வரலாறுன்னா உள்ளதை உள்ளபடி எழுதணும்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் பெயின்டர் வந்தார். “சின்ன வேலைதாம்மா. நடுவுல ‘ந்தா’வைச் சுரண்டிட்டு ‘கிறா’ போட்டா ‘வாழ்கிறார்கள்’. முடிஞ்சுது.”

அந்த இரண்டு எழுத்தையும் மாற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார். “ஆமா, வீட்ல எத்தனை பேரு? ஒருத்தர்தான்னா ‘கள்’ வேணாமே.”

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. ஒரே மகன் கடல் தாண்டி இருக்கிறான். அவன் திரும்பி வந்தால் ‘கள்’ இருக்கலாம், தாராளமாக இருக்கலாம்.

“இருப்பா, கேட்டுட்டு வந்துடறேன்.” உள்ளே போய்ப் போன் போட்டாள்.

“இந்த வருஷம் இங்கயே வந்துடறேன்னு சொன்னியேடா, வந்துடுவியா?”

“பாக்கலாம்மா. வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்.”

அவன் ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்தே இல்லை என்று சொல்ல வாய் வராத பிள்ளை அவன். போனை மெஷின்மேல் வைத்தாள். அழுகை வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“சுரண்டிடுப்பா.”

பெயின்டர் அவள் முகத்தைப் பார்த்தார். ‘கள்’ளைச் சுரண்டி முடித்துவிட்டு, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று சொன்னார்: “வெறும் ‘வாழ்கிறார்’னாலும் மரியாதையாத்தாம்மா இருக்கு.”

“மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லப்பா, ஆளுக்குத்தான்” என்றாள் தையல்காரம்மா.