நீரிழிவு இல்லாத வீடு

பிரிக்பீல்ட்ஸ் தலைமையகத்திலிருந்து சுகுமாறன் காப்பாருக்கு வந்த அன்றே எனக்கும் அவருக்கும் ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது. எங்கள் பாலாய் ராயா பொதுமண்டபத்தில் இருப்பது இருபது நாற்காலி. அவர் நாற்பது பக்கக் கையேட்டோடு வந்திருந்தார்.

எங்கள் 'நலப்பாலம்' மூன்று கிளையாக இருந்தவரை கையேடெல்லாம் கிடையாது. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களை வீடு வீடாகப் போய்க் கண்டுபிடித்து, காரில் ஏற்றி டாக்டரிடம் காட்டுவோம். பதினான்கு கிளை ஆனதும், அமைப்பின் திறனை வளர்க்க வேண்டும் என்று மேலே முடிவெடுத்தார்கள். அதற்கென்று வந்தவர்தான் சுகுமாறன். முப்பத்தைந்து வயது, கசங்காத சட்டை, தமிழ் மீது தீராத காதல். நான் காப்பார் கிளைப் பொறுப்பாளர் தங்கமணி. கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் தரம் பார்த்தவள். ஓட்டை எங்கே என்று என் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். வாய் அதற்கும் முந்திக்கொள்ளும்.

அவர் கைப்பேசியில் புதுப் படிவத்தைக் காட்டினார். முதல் கேள்வி: 'தங்கள் இல்லத்தில் நீரிழிவு உண்டா?'

"தம்பி, இது இங்க பாதிப் பேருக்குப் புரியாது. இனிப்பு நீர்னு போடுங்க" என்றேன்.

"இனிப்பு நீர் கொச்சை லா, அக்கா. நீரிழிவுதான் சரியான தமிழ். பதினாலு கிளைக்கும் ஒரே வார்த்தை இருந்தாத்தான் டேட்டா நிக்கும். எழுதியிருக்கிறத அப்படியே வாசிங்க. விளக்கம் சொல்லக் கூடாது, ஒரு எழுத்து மாறக் கூடாது."

எங்கள் கிளைத் தொண்டர்கள் இருபது பேர் முன்னால் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"சரி தம்பி. ஒரு எழுத்து மாறாது" என்றேன்.

எங்கள் அடுக்குமாடியில் குழாய்களுக்கு இருபத்தைந்து வயது. அங்கே ஒருவரையொருவர் பார்த்தால், சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன் உங்க வீட்டுல ஒழுகுதா என்றுதான் கேட்போம். அப்படிப்பட்டவர்களிடம் போய் நீரிழிவு என்றால் என்ன நினைப்பார்கள்? வீணாகும் தண்ணீரைப் பற்றி யாரோ கணக்கெடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்கள்.

நான்காம் மாடி ஜெய்னுதீன் அண்ணன் கேள்வியைக் கேட்டதுமே கண்ணை விரித்தார்.

"இருக்காவா? வந்து பாரு தங்கமணி!" என்று நேரே குளியலறைக்குக் கூட்டிப்போனார்.

'உண்டு' என்று அமுக்கினேன். அடுத்தது, 'எவ்வளவு காலமாக?'

"நோன்புக்கு முன்னுக்கே இருந்து."

'குடும்பத்தில் பிறருக்கும் உண்டா?'

"கீழ்வீட்டுக்காரருக்கும் இருக்கு. எங்கிட்டருந்துதான் அவருக்கு இறங்குது."

'இதற்காக யாரையேனும் அணுகினீர்களா?'

"பிளம்பர் ரெண்டு தடவ வந்தான். டேப் சுத்திட்டுப் போயிட்டான். நீ என்ன, இன்னிக்கு ரேடியோ மாதிரி பேசுற?"

விளக்கம் சொல்லக் கூடாதே! சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

தரைத்தளத்தில் பவுனம்மாள் அக்கா வீடு. அவருக்குப் பதினெட்டு வருஷமாக இனிப்பு நீர். எத்தனையோ முறை நானே மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"எங்க வீட்டுல இல்லவே இல்ல" என்றார் பெருமையாக. "போன மாசம்தான் மகன் பைப்பெல்லாம் மாத்துனான். ஒரு சொட்டு ஒழுகாது."

காலில் துணி சுற்றியிருந்தது. என்னக்கா என்றேன். செருப்பு கடித்துவிட்டது என்றார். 'இல்லை' என்று அமுக்கினேன். 'நன்றி, வணக்கம்' என்று படிவம் மூடிக்கொண்டது. இந்தப் படிவம் சந்தி சிரிக்கட்டும் என்பதைத் தவிர அப்போது என் மனதில் வேறொன்றும் இல்லை.

மூன்று வாரம் கழித்துச் சுகுமாறன் பதறிப்போய்க் கூப்பிட்டார். காப்பாரில் நூற்றுக்கு எண்பத்தொரு வீட்டில் நீரிழிவாம். பதினான்கு கிளையில் நாங்கள்தான் முதலிடம்.

"அவ்வளவு மோசமா அக்கா?"

"ரொம்ப மோசம் தம்பி. மேல்மாடியிலதான் அதிகம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே டாக்டர் அமுதவள்ளியோடு கால் பரிசோதனை முகாம் போட்டார். 'உண்டு' என்றவர்களுக்கு மட்டும் அழைப்பு. ஜெய்னுதீன் அண்ணன் உடைந்த குழாயை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"காலைக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

"கால் எதுக்கு? நீங்க வீட்டுக்கு வாங்க. எந்தச் சுவத்த உடைக்கணும்னு காட்டுறேன்."

டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சுகுமாறன் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வாரமாக இதற்காகத்தானே காத்திருந்தேன்!

"ஒரு எழுத்து மாறல தம்பி" என்றேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு, என்ன விசேஷம் என்று பார்க்கப் பவுனம்மாள் அக்கா நொண்டிக்கொண்டு வந்தார். சுகுமாறன் பட்டியலைப் பார்த்தார்.

"உங்க பேர் இல்லையே ஆன்டி. உங்க வீட்டுல நீரிழிவு இல்லையா?"

"ஒரு சொட்டு ஒழுகாது தம்பி."

மறுபடியும் சிரிப்பு. சுகுமாறன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இனிப்பு நீர்?"

"அதுவா? அது பதினெட்டு வருஷமா இருக்கே. தங்கமணிக்குத் தெரியுமே!"

டாக்டர் அவரை உட்காரவைத்துத் துணியை அவிழ்த்தார். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சுகுமாறன்தான் தன் காரில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பின்சீட்டில் அக்காவின் காலை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

"எல்லாம் என் தப்புக்கா. அந்த வார்த்தைய இன்னிக்கே மாத்திடுறேன்" என்றார் சுகுமாறன். அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க தெரியாம எழுதுனீங்க தம்பி. நான் தெரிஞ்சே அமுக்குனேன்" என்றேன்.

மறுநாள் வார்டில் பவுனம்மாள் அக்காவிடமும் அதையே சொன்னேன். சுகுமாறனுக்குப் பாடம் கற்பிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னேன். அவர் போர்வையை விலக்கிக் கட்டுப்போட்ட காலைக் காட்டினார்.

"என் கால்ல துணி கட்டியிருந்தத நீ பாத்தேதானே?"

"பாத்தேன்க்கா" என்றேன்.