எட்டாவது குத்துக்கால்

தாணுலிங்கத்தின் மாடி வீட்டுக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டில், பகல் பதினொரு மணிக்கு மேல் கைப்பிடியைத் தொட்டவர் யாரும் இரண்டாம் முறை தொட்டதில்லை. தூத்துக்குடி வெயில் அப்படி. அவர் மனைவி பிரேமாவுக்கு முழங்காலில் ஆப்பரேஷன் ஆகும்வரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அவள் எதையும் பிடிக்காமல் இடுப்பில் குடத்தோடு ஏறிப் பழகியவள். ஆப்பரேஷன் முடிந்து ஏரலில் மகள் இசக்கிசெல்வி வீட்டுக்குப் போனவள், கை வைக்கிற மாதிரி ஒரு கைப்பிடி வந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள். அதோடு இரண்டு மாதம் ஆயிற்று.

தாணுலிங்கம் பெயிண்ட் கடைக்காரர். மனைவி இல்லாத வீடு அவருக்கு வெறிச்சென்று இருந்தது. தோசை சுடக் கற்றுக்கொள்ள ஐம்பத்தொன்பது சரியான வயதும் இல்லை. ஏரலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று யாராவது கேட்டால், கடையில் ஸ்டாக் எடுக்கிற நேரம் என்பார். உண்மையில், மருமகன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து நாலுபேர் முன்னால் பெண்டாட்டியிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே தச்சு வேலைக்காரர் செந்தூர்பாண்டியைக் கூப்பிட்டார்.

செந்தூர்பாண்டி பழைய இரும்புக் கைப்பிடியை அறுத்துத் தள்ளினார். புதுக் கைப்பிடியைத் தாங்கும் தேக்குக் குத்துக்கால்களின் அடியில் பாதிக் கனத்துக்கு வெட்டி, படிக்கட்டின் பக்கத் தகட்டோடு ஒட்டி நிற்கவைத்தார். இரும்புத் துரு மரத்தில் ஏறாமலிருக்க நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் செருகினார். கடல்காற்று சாதாரண போல்ட்டைத் தின்றுவிடும் என்று துருப்பிடிக்காத போல்ட் வாங்கச் சொல்லி, காலுக்கு இரண்டாக முறுக்கினார். பதினைந்து படி, ஒரு படி விட்டு ஒரு படிக்குக் கால். ஏழு நின்றுவிட்டன. மேல்படியில் எட்டாவதற்குத் துளையும் போட்டாயிற்று. அப்போதுதான் கீழே நின்ற தாணுலிங்கம் எண்ண ஆரம்பித்தார்.

படிக்கட்டு கட்டும்போது இந்திரன், எமன், ராஜன் என்று எண்ணிக்கொண்டே போவார்கள். கடைசிப் படி எமனில் முடியக்கூடாது. பதினைந்து படியும் ராஜனில் ஜம்மென்று முடிந்தன. குத்துக்கால் எட்டும் எமனில் முடிந்தன. எட்டாவது வேண்டாம் என்றார் தாணுலிங்கம்.

"அண்ணாச்சி, படியத்தான் அப்படி எண்ணுவாவ. கைப்பிடிக்கு எவனும் எண்ணுனது கெடையாது."

இரண்டு மாதம் தனியாக இருந்துவிட்டு, பெண்டாட்டி வருகிற நேரத்தில் வாசலில் எமனை நிறுத்த முடியுமா என்று தாணுலிங்கம் கேட்டார். செந்தூர்பாண்டி கைப்பிடிச் சட்டத்தை ஏழாவது காலோடு நிற்கும்படி அறுத்து முடித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பிரேமா வந்தாள். பின்னால் மகள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிரேமா மரத்தைத் தடவிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்பதுபோல் ஏறினாள். பதின்மூன்றாவது படியில் கைப்பிடி முடிந்துபோனது. இன்னும் இரண்டு படி. அவள் கை காற்றில் நின்றது. உச்சிப்படியில் வரவேற்க நின்றிருந்த தாணுலிங்கம் தெருவைப் பார்த்தார். எதிர் டீக்கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் வெளியே அவள் கையை அவர் பிடித்ததில்லை. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கையை நீட்டினார்.

பிரேமா அவர் மணிக்கட்டைப் பற்றி முழுப்பாரத்தையும் போட்டாள். ஆனால் ஏறவில்லை.

"ரெண்டு மாசமா ஏரலுக்கு ஒரு பஸ்சு கூடவா ஓடல?"

ஸ்டாக் எடுத்த கதை வாய்வரை வந்தது. அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"ஓடிச்சி. எனக்குத்தான் வரத் தெரியல," என்றார்.

அவள் பிடியை இறுக்கினாள். பிறகு இரண்டு படியும் ஏறினாள்.

மறுநாள் இறங்கும்போதும் அவள் கை நீண்டது. அவர் பல் தேய்ப்பதை விட்டு ஓடிவந்தார். சாயங்காலமும் அப்படியே. மூன்றாம் நாள் தாணுலிங்கமே செந்தூர்பாண்டிக்குப் போன் போட்டு, எமனானாலும் பரவாயில்லை, அவள் விழாமல் இருந்தால் போதும், எட்டாவதைக் கொண்டுவந்து மாட்டும் என்றார்.

செந்தூர்பாண்டி குத்துக்காலையும் மிச்சச் சட்டத்தையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது பிரேமா கோயிலுக்குப் புறப்பட்டு மேலே நின்றாள்.

"அது வேண்டாம், கொண்டு போங்க. அந்த எடத்துல ஆளு நிக்காவ."

செந்தூர்பாண்டி நிமிர்ந்து பார்த்தார். தாணுலிங்கம் மேல்படியில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.