பெட்டிக்குப் பொட்டு

சந்தனக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து வந்தேன். ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், மீட்டர், பில் போடும் கம்ப்யூட்டர். நெல்லித்தோப்பில் எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஆயுத பூஜை என்றால் சந்தனம் கரைத்து மாளாது. என் வீட்டுக்காரர் பிரேம்குமார் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக மேசையில் மிச்சமிருந்தது அவருடைய செல்லப்பிள்ளை.

பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை அது. பன்னிரண்டு வோல்ட் கொடுத்துக்கொண்டு சாதுவாக இருந்ததைப் பிரித்து, உள்ளே வேறு கம்பி சுற்றி, நானூறு வோல்ட் கொடுக்கும்படி மாற்றியிருந்தார். அவர் நாடு விட்டு நாடு பேசும் ஹாம் ரேடியோவின் வால்வுக்கு அவ்வளவு வேண்டுமாம். எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துத் தலைகூட அசைக்காத மனிதர், ரெயூனியன் தீவில் யாரோ ஒருவருக்கு ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்ல உயிரை விடுகிறார். இந்தப் பெட்டியில் கை வைக்கும்போதெல்லாம் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்பார். சோதனைக்கு வந்த தாசில்தார் மாதிரி இருக்கிறீர்கள் என்று நான் ஓட்டுவேன்.

இதற்கும் வைக்கலாமா என்று கேட்டேன். "எல்லாத்தையும் நேத்தே புடுங்கிட்டேன். தைரியமா வையி" என்றார், திரும்பாமலே.

மூடி இல்லாத பெட்டி. நடுவில் டம்ளர் உயரத்துக்குப் புதிதாக ஒரு கெப்பாசிட்டர், அதன் தலையில் இரண்டு பித்தளைத் திருகுகள். அசல் கண்கள்தான். நடுவில் நெற்றி. குழந்தைக்குப் பொட்டு வைக்கும்போது இடது கை தானாக மோவாயைப் பிடிக்கப் போகுமே, அப்படி என் இடது கை பெட்டியின் தகரத்தைப் பிடிக்கப் போனது. வலது விரலில் சந்தனம் ஈரமாக இருந்தது.

"துர்கா." குரல் மெதுவாக வந்தது. "இடது கைய பின்னால கட்டிக்க. அப்படியே பின்னால வா."

பதிலுக்கு என்னை ஓட்டுகிறார் என்று நினைத்துக் கட்டிக்கொண்டேன். நகர்ந்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். மாவிலைச் சரம் கீழே கிடந்தது. கத்தியிருந்தால் நான் பதறி அதன் மேலேயே கையை ஊன்றியிருப்பேன். கெப்பாசிட்டரில் தங்கும் கரண்டை வடித்துவிடும் ரெசிஸ்டரைப் பெரிதாக மாற்றலாம் என்று கழற்றியவர், போடாமலே முந்தின நாள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அது இப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

இரண்டு குண்டு பல்புகளைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதன் ஒயர் முனைகளை ஒவ்வொன்றாகத் திருகுகளில் வைத்தார்.

பல்புகள் எரிந்தன. சுவரில் எதுவும் சொருகவில்லை. பிளக் நான் போட்ட கோலத்தின் மேல் கிடந்தது. ஆனாலும் எரிந்தன, பளீரென்று, பிறகு சிவப்பாக, பிறகு இல்லாமல். ராத்திரி முழுக்க இவ்வளவும் இங்கே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்ததா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் கும்பிடத்தான் தோன்றியது.

"நான்தான வைக்கச் சொன்னேன்" என்றார். மீட்டரின் முனையைத் திருகில் வைத்துப் பார்த்தார். ஒரு வழியாகச் சைபர் காட்டிய பிறகும் அவர் அதை எடுக்கவில்லை.

நெற்றியில் பொட்டு வைத்தேன். அவர் கற்பூரம் ஏற்றித் தட்டை நீட்டினார். இரண்டு கையாலும் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். என் வலது கை மட்டும்தான் சுடருக்குப் போனது.