சௌம்யாவின் கணுக்கால்

பூம்பாறை மைதானத்தில் அன்று கூடிய கூட்டத்தைப் பார்த்தால், மேல்மலையில் ஒரு வீட்டிலும் ஆள் மிச்சமில்லை என்றுதான் தோன்றும். பூண்டு வயலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பெண்கள் கபடி இறுதி ஆட்டம், கிளாவரைக்கும் பழனிக்கும். பழனி அணியில் மாநில ஆட்டக்காரி சௌம்யா ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஜீப்பில் இடம் கிடைக்காதவர்கள் காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டாவது வந்து சேர்ந்துவிட்டார்கள்.

கிளாவரைக்காரர்களுக்கு இது வெறும் கோப்பை விஷயம் இல்லை. அந்த ஊரில் சமதளம் என்று இருப்பது கோயிலுக்குக் கீழே ஒரே ஒரு துண்டு நிலம். மற்றதெல்லாம் படிப்படியாக இறங்கும் வயல். அங்கே ஓடிப் பிடித்தால் அடுத்த படியில்தான் போய் விழ வேண்டும். அந்தத் துண்டையும் சுற்றுலா வண்டி நிறுத்த விட்டுவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. பெண்கள் சண்டைக்கு நின்றார்கள். கடைசியில், கோப்பையோடு வந்தால் மைதானம், வெறுங்கையோடு வந்தால் வண்டி நிறுத்தம் என்று தீர்ப்பானது. அப்படித் தீர்ப்புச் சொன்ன பெரிய மனிதர்கள்தான் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து, பெண்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களை என்ன சொல்வது!

கிளாவரை அணியில் இடது மூலையில் நிற்பவள் ரம்யா. கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள் என்று பெயர் எடுத்தவள். ஆனால் அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. அது சௌம்யா. மாநில அணிக்காக சௌம்யா ஆடிய ஆட்டங்களைப் போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். தலையை இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டுவதுகூட சௌம்யா மாதிரியேதான். அன்று காலை அவளோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டாள். சௌம்யா தோளில் கை போட்டாள், சிரித்தாள், அடுத்த ஆளின் போனுக்குத் திரும்பிக்கொண்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை. ரம்யாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அவளுக்குத்தான் கால் தரையில் பாவவில்லையே.

ஆட்டம் சூடு பிடித்தது. கபடி கபடி என்று சௌம்யா பாடி வந்தாள். வலது பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி இடது பக்கம் கையை வீசினாள். ரம்யா பாய்ந்து விழுந்தாள். கணுக்கால் கையில் இருந்தது. சௌம்யாவின் கணுக்கால்! ரம்யாவுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சௌம்யாவின் முழங்காலில் சுற்றியிருந்த நீலப் பட்டை தெரிந்தது. போன வருடம் அடிபட்ட கால் அது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ரம்யா அன்று சோறு தின்னவில்லை. கை தானாகத் தளர்ந்தது.

சௌம்யா உதறிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினாள். பழனிக்குப் புள்ளி, ரம்யா வெளியே. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சௌம்யா திரும்பிப் பார்த்தாள். காலையில் பார்த்த சிரிப்பு முகத்தில் இல்லை.

"நீ ஆட வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?"

சுருக்கென்று தைத்தது. வெளியே வந்து உட்கார்ந்தவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அணித்தலைவி வடிவும் தொடப்பட்டு வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வடிவுக்கு சௌம்யா மேல் மயக்கம் எதுவும் கிடையாது. செல்ஃபி எடுக்கக் கூப்பிட்டபோதுகூடச் சோலி கெடக்கு என்று போய்விட்டவள்.

"ஏண்டி, அந்தப் பொண்ணு காலு ஒடஞ்சும் திரும்ப ஆட வந்திருக்கு. உன்னையப் பாவம் பாக்கச் சொல்லியா வந்துச்சு?" என்றாள் வடிவு. "வெள்ளனே இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அது திரும்புறப்ப வலது காலு ஒரு நொடி பின்தங்கும். அங்கதான் பிடிக்கணும்."

ரம்யாவுக்குப் பகீரென்றது. அத்தனை வீடியோ பார்த்தும் அந்தக் காலை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. சௌம்யாவின் சிரிப்பையும் வேகத்தையும் பின்னலையுமே பார்த்து வாய் பிளந்திருக்கிறாள். சௌம்யாவை ஒரு ஆட்டக்காரியாக மதித்தது, அவள் பெயரைக்கூடச் சொல்லாத இந்த வடிவுதான். நினைக்க நினைக்க வெட்கமாக வந்தது; வெட்கம் போய் ஆத்திரம் வந்தது, தன் மேலேயே.

கிளாவரை எடுத்த புள்ளிகளில் இருவரும் உள்ளே திரும்பினார்கள். மைதானத்தின் ஓரத்தில் மூடுபனி ஏறிவந்தது. இரண்டு பக்கமும் புள்ளி சமம். கடைசிப் பாட்டுக்கு சௌம்யா வந்தாள். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது.

ரம்யா முகத்தைப் பார்க்கவில்லை. காலை மட்டும் பார்த்தாள். சௌம்யா வடிவை நோக்கிக் கையை வீசினாள், எட்டவில்லை, திரும்பினாள். வலது கால் பின்தங்கியது.

ரம்யா விழுந்து பிடித்தாள். இழுத்தாள். சௌம்யா சும்மா விடுகிறவளா? ரம்யாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டை நோக்கித் தவழ்ந்தாள். விரலுக்கும் கோட்டுக்கும் சாண் இடைவெளிதான். ரம்யாவின் முகமெல்லாம் மண். பட்டை கண்ணில் பட்டது, கை தளரவில்லை. வடிவு மேலே வந்து விழுந்தாள், பின்னாலேயே மற்றவர்களும். பாட்டு நின்றது. விசில் ஒலித்தது.

அப்புறம் மைதானமே இரண்டுபட்டது. பெரிய மனிதர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். வடிவைத் தூக்கிச் சுற்றினார்கள். செல்ஃபிக்காரர்கள் சௌம்யாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ரம்யா அந்தப் பக்கம் போகவில்லை. மண்ணைத் துப்பிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சௌம்யாதான் வந்தாள். கணுக்காலில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதைக் குனிந்து பார்த்தாள்.

"உன் பேரு என்ன?"

"ரம்யா."

"அடுத்த தடவ வேற மாதிரி திரும்புவேன், ரம்யா."

ரம்யா எழுந்து நின்றாள்.

"வாங்கக்கா. எங்க ஊர்ல மைதானம் இருக்கு."