நாலாம் வீட்டை நீக்கும் பயிற்சி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. பக்கத்தில் குடியிருக்கும் பெண் செய்த ஒரு தப்பிலிருந்து எடுத்தது. நீலகிரியில் கட்டபெட்டுக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், எட்டுத் தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் லைன். ஆறு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. நாலில் கெஸியா. எட்டில் நான். பெயர் சில்வஸ்டர்; ஃபேக்டரி கிளார்க், கதையும் எழுதுகிறவன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலையை மூடிய பனிமூட்டத்தில் ஒரு பெண்...' சே! பனிமூட்டம் இல்லாமல் எங்களுக்கு ஒரு கதையும் தொடங்காதா? (அடித்துவிட்டேன். நீங்களும் மறந்துவிடுங்கள்.)

கெஸியாவின் அப்பாவும் அம்மாவும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒற்றை அறையில் படிக்க முடியாது என்று இவள் மட்டும் இங்கே தங்கி, ஆன்லைனில் புரோகிராமிங் படிக்கிறாள். தேர்வில் தேறினால் கோவையில் வேலை. தேறினால் நாலாம் வீட்டுக்கும் பூட்டு. என் பயம் அதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

2

பயிற்சி இது: எண்களை வைத்து ஒரு தேடல் மரம் கட்ட வேண்டும். முதலில் வரும் எண் வேர்.* அதைவிடச் சின்னது இடப்பக்கம் இறங்கும், பெரியது வலப்பக்கம் இறங்கும். கீழே ஒவ்வொரு எண்ணிடமும் அதே சட்டம்.

[* கம்ப்யூட்டர் மரத்துக்கு வேர் மேலே இருக்குமாம். இதற்குமேல் விளக்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.]

லைனில் பிறந்தவள் என்ன எண் கொடுப்பாள்? வீட்டு நம்பர்களைத்தான், ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது. எல்லாம் வலப்பக்கமே போய், ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. கிளையே இல்லை.

"ஏனுங்ணா, மரம் கட்டச் சொன்னா லைன் கட்டி வச்சிருக்கறனுங்க!" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சிரித்தாள். "உங்க ஊட்டைத் தேடோணும்னா ஏழு ஊட்டையும் தாண்டோணும் பாருங்க."

நானும் சிரித்தேன். அவள் போன பிறகு சிரிக்கவில்லை.

மறுநாள் வரிசையைக் கலைத்தாள். நாலை வேராகப் போட்டாள், அடுத்து எட்டை. "இப்ப எங்க ஊட்டுலிருந்து எறங்குனா அடுத்ததே உங்க ஊடுதானுங்ணா." எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றால்... (முடிக்கத் தெரியவில்லை.)

3

தேர்வில் இதைத்தான் கேட்பார்களாம்: வேரை நீக்கு, மரம் உடையக் கூடாது.

முடிவு அ: கெஸியா தோற்கிறாள். சாயங்காலம் வழக்கம்போலக் கதவைத் தட்டி, "ணா, டீ போட்டாச்சுங்களா?" என்கிறாள்.

முடிவு ஆ: கெஸியா...

மேசையில் கிடந்த தாளை அவளே படித்துவிட்டாள்.

"ஏனுங்ணா, கதைன்னாலும் என்னைய ஃபெயில் பண்ணிவிடுவீங்களா?"

கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"சும்மா எழுதிப் பாத்தேன், கெஸியா."

"தெரியுதுங்க" என்றாள். அன்று டீ குடிக்காமல் போனாள்.

5

நாலாம் பகுதியைத் தேடாதீர்கள். எடுத்துவிட்டேன். வேரை நீக்கினால், அதன் வலப்பக்கம் இருப்பவற்றில் மிகச் சின்ன எண் அந்த இடத்துக்கு ஏற வேண்டும். அதாவது ஐந்து. ஐந்தாம் வீட்டுக் கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்குகிறது.

இன்று காலை தேர்வு. இங்கே இலை எடை போடும் ஷெட்டில்தான் சிக்னல் கிடைக்கும். குடையும் லேப்டாப்புமாகக் கிளம்பியவள் என் வாசலில் நின்றாள்.

"நாலை எடுத்துட்டா அஞ்சு வந்துருதுங்ணா. மரம் உடையறதில்லை."

"எட்டு?"

"அது எங்கயும் போறதில்லைங்க. இருந்த எடத்துலயேதான் இருக்குது."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். "ணா..."

"போ, நேரமாச்சு. நல்லா எழுது" என்றேன்.

இப்போது அவள் ஷெட்டில் இருக்கிறாள். முடிவு அ-வை அடித்துவிட்டேன். அவள் தேற வேண்டும், மனசாரச் சொல்கிறேன். ஆனால் ஆ-வை எழுதக் கை வரவில்லை. அதை நீங்கள் எழுதிவிடுங்கள். நான் போய் இரண்டு பேருக்கு டீ வைக்கிறேன்.