மாமிக்கு ஏற்ற மேசை

சாவகச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆடைத் தொழிற்சாலைக்கு, தையல் வரிசையான லைனைச் சமப்படுத்தவென்று ஓர் எஞ்சினியர் வந்து இறங்கினார். பெயர் சிவகரன், கொக்குவில்காரர். ஒருத்தியிடம் வேலை குவியவும் கூடாது, இன்னொருத்தி சும்மா இருக்கவும் கூடாதாம். மிஞ்சுகிற ஆளை வீட்டுக்கு அனுப்புவார்களாம். நல்ல சமத்துவம்!

எனக்கு முன் மெசினில் பியாட்றிஸ் மாமி. அவர் கழுத்துக் கொலர் தைத்துத் தந்தால்தான் நான் அதைச் சட்டையில் பொருத்தலாம். மாமி ஒரு கொலரைத் தைத்து, நுனியில் நூலை முடிச்சுப் போட்டு, தூக்கிப் பார்த்து, தடவி, பெருமூச்சும் விட்டுத்தான் என் பக்கம் தள்ளுவார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். மாமி சுணக்கம் என்று லைன் முழுவதற்கும் தெரியும். யார் சொல்வது? அவர் எங்கள் தேவாலயத்தில் மாதர் சங்கத் தலைவி. நான் வாயே திறக்க ஏலாது. வருகிற தையில் அவருடைய மகன் றயனைக் கட்டப்போகிறவள் நான்.

எஞ்சினியர் கைபேசியில் எங்கள் வேலைக்கு நேரம் பிடித்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"நிமலினி, நீங்கள் பாதி நேரம் சும்மா இருக்கிறியள். உங்கடை இடத்துக்கு ஆள் தேவையில்லைப் போலை கிடக்கு."

எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே என் சம்பளத்தில்தான். மாமி எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன், விசரி நான்.

"உவள் உப்பிடித்தான் தம்பி," என்றார் மாமி. "வீட்டிலையும் உப்பிடி இருந்தால் என்ரை பிள்ளையின்ரை பாடு என்ன?"

வந்ததே எனக்கொரு கோபம்! ஆனால் வாயில் தேன்தான் வழிந்தது.

"சேர், மாமிக்கு வயசு போட்டுது. பாவம், என்ரை சுகமான இடத்திலை அவ இருக்கட்டும். அவவின்ரை கஷ்டத்தை நான் படுறன்."

மாமிக்குச் சரியான புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. இடம் மாறினோம். நான் மிதித்த மிதியில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே மாமிக்கு முன்னால் கொலர்கள் குவிந்து, அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது.

"பிள்ளை, கொஞ்சம் ஆறுதலாய், மெல்லத் தையன்," என்று குசுகுசுத்தார்.

"ஓம் மாமி," என்று இன்னும் அழுத்தி மிதித்தேன்.

எஞ்சினியர் குவியலைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். படித்த பிள்ளை, ஒருமாதிரி விளங்கிக்கொண்டார். "நிமலினி இருக்கட்டும்," என்றார். போன உயிர் திரும்பி வந்தது. மாதர் சங்கத்தோடு மோத அவருக்கும் துணிவில்லை. மாமியைச் சோதனை மேசைக்கு அனுப்பினார். தைத்த சட்டைகளில் பிழை பிடிக்கிற மேசை அது. மாமி இத்தனை காலமும் சம்பளமில்லாமல் செய்துவந்த வேலை.

பதவியேற்ற கையோடு மாமி முதலில் திருப்பியனுப்பிய சட்டை நான் பொருத்தியது.

"கொலர் கோணல் பிள்ளை. அவிட்டுப்போட்டுத் தை."

திருப்பிப் பார்த்தேன். காலையில், இடம் மாறுமுன் தைத்த கொலர். நுனியில் முடிச்சு.

"மாமி, இது உங்கடை முடிச்செல்லோ?" என்று நீட்டினேன்.

மாமி முடிச்சைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இன்னொருமுறை பார்த்தார்.

"கோணல் பெரிசாய்த் தெரியேல்லை," என்று சட்டையை நல்லதுகளோடு சேர்த்து வைத்தார்.